கார்ட்டூன்களை உருவாக்கியவர்களை நேரில் சந்திக்க விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

டாம் அண்ட் ஜெர்ரி, ஸ்கூபி-டூ, சார்லி பிரவுன் என்று கார்ட்டூன்களோடு வளர்ந்தவர்களுக்கு, அவற்றை வரைந்தவர்களையும் அவற்றுக்குக் குரல் கொடுத்தவர்களையும் நேரில் சந்திக்கலாம் என்ற எண்ணமே பெரும்பாலும் வருவதில்லை. ஒரு திரைப்பட நடிகரைப் பார்ப்பதற்கு இருக்கும் தடைகளில் பாதிகூட இங்கே கிடையாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடக்கும் காமிக்ஸ் மாநாடுகளிலும் அனிமேஷன் விழாக்களிலும், உங்கள் மனத்தில் பல ஆண்டுகளாக நிற்கும் ஒரு காட்சியை வரைந்தவர் ஒரு மடக்கு மேசைக்குப் பின்னால், எதிரில் இரண்டு பேர்கூட நிற்காத நிலையில் அமர்ந்திருப்பது சாதாரணமாகக் காணக்கூடியது. அவர் இன்னார் என்று தெரிந்துகொள்வதுதான் கடினம். தெரிந்துவிட்டால் சந்திப்பது எளிது.

அமெரிக்காவில் வசிக்கும் தமிழர்களையும், உறவினரைப் பார்க்கவோ வேலை நிமித்தமாகவோ அங்கே செல்லவிருப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். விமானம், விடுதி பற்றிய விவரங்கள் எங்கும் கிடைக்கும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

யாரைச் சந்திப்பது?

பலரும் முதலில் மாநாட்டுக்கு டிக்கெட் வாங்கிவிட்டு, அங்கே யார் வருகிறார்கள் என்று பிறகு பார்க்கிறார்கள். அதை மாற்றிச் செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த கார்ட்டூனை மறுபடியும் ஒருமுறை பாருங்கள்; முடிவில் பெயர்கள் ஓடும் இடத்தில் நிறுத்தி நிறுத்தி, அத்தனை பெயர்களையும் அவரவர் பணியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலைதான். ஆனால் தயாரிப்பாளர், இயக்குநர் என்ற இரண்டு பெயர்களை மட்டும் அறிந்து செல்பவருக்குக் கிடைக்காத பல வாய்ப்புகள் இந்தப் பட்டியலை வைத்திருப்பவருக்குக் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 1965 டிசம்பர் 9 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பான, சார்லி பிரவுன் என்ற சிறுவனைப் பற்றிய கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். பாத்திரங்களைப் பத்திரிகைச் சித்திரத் தொடருக்காகப் படைத்த சார்லஸ் ஷுல்ஸ், தயாரிப்பாளர் லீ மெண்டல்சன், இயக்குநர் பில் மெலெண்டஸ், ஜாஸ் இசை தந்த வின்ஸ் குவரால்டி ஆகிய நால்வருமே இன்று இல்லை. குவரால்டி 1976-லும், ஷுல்ஸ் 2000-லும், மெலெண்டஸ் 2008-லும் மறைந்தார்கள். மெண்டல்சன் 2019-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்றே காலமானார். நால்வரின் பெயர் மட்டும் தெரிந்தவர் இத்தோடு தேடலை நிறுத்திக்கொள்வார். ஆனால் அந்த நிகழ்ச்சிக்குக் குரல் கொடுத்தவர்கள் உண்மையான குழந்தைகள். சார்லியின் தங்கை சாலிக்குக் குரல் கொடுத்த சிறுமிக்கு அப்போது சரியாக வாசிக்கக்கூடத் தெரியாது என்பதால், வசனத்தைத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்துத்தான் பதிவு செய்தார்கள். ஒரு கார்ட்டூன் எவ்வளவு பழையதாக இருந்தாலும் அதில் பணியாற்றியவர்களில் வயதில் இளையவர்கள் யார் என்று தேடுவது நல்ல உத்தி. குரல் கொடுத்த குழந்தைகள், முதல் வேலையாக வந்து சேர்ந்த உதவி ஓவியர்கள், வண்ணம் தீட்டும் பிரிவில் இருந்த இளைஞர்கள் ஆகியோர் அந்த வரிசையில் வருவார்கள்.

தேடும் இடமும் நீங்கள் நினைக்கும் ஊராக இருக்க வேண்டியதில்லை. 1964-இல் என்பிசி தொலைக்காட்சியில் வந்த சிவப்பு மூக்குக் கலைமான் ருடால்ஃபின் கதை அமெரிக்கர்களின் குடும்பச் சொத்து போன்றது. அதைத் தயாரித்த ரேங்கின்-பாஸ் நிறுவனம் நியூயார்க்கில் இருந்தது. பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடித்த வேலை முழுவதும் டோக்கியோவில், தடாஹிட்டோ மோச்சினாகா என்பவரின் கூடத்தில் நடந்தது. குரல்களில் பெரும்பாலானவை கனடாவின் டொராண்டோவில் பதிவானவை. பல் மருத்துவராக ஆசைப்படும் ஹெர்மி என்ற குள்ளனுக்குக் குரல் கொடுத்த பால் சோல்ஸ்தான் 1967-இல் வந்த ஸ்பைடர்மேன் கார்ட்டூனின் நாயகனுக்கும் குரல் கொடுத்தார். 2021-இல் மறையும்வரை அவரைக் கனடாவில்தான் தேடியிருக்க வேண்டும். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு மூன்று நாடுகள். இந்தப் பழக்கம் பிற்காலத்தில் இன்னும் பெருகியது. 1987-இல் தொடங்கிய டிஸ்னியின் டக்டேல்ஸ் தொடரின் தொடக்க அத்தியாயங்களை வரைந்து அசைவூட்டியவர்கள் டோக்கியோ மூவி ஷின்ஷா என்ற ஜப்பானிய நிறுவனத்தினர்.

தமிழ் ஒலிமாற்றத்தில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் எச்சரிக்கை தேவை. 2007-இல் சுட்டி டிவி வந்த பிறகு, ஜாக்கி சான் சாகசத் தொடரைப் பள்ளி முடிந்து வந்ததும் பார்த்த ஒரு தலைமுறையே நம்மிடம் இருக்கிறது. அந்தத் தொடரின் உருவங்களுக்கு அந்தக் கூர்மையான கோடுகளைத் தந்தவர் ஜெஃப் மட்சுடா என்ற வடிவமைப்பாளர். ஆங்கிலத்தில் ஜாக்கிக்குக் குரல் கொடுத்தவர் ஜாக்கி சான் அல்ல, ஜேம்ஸ் சீ என்ற நடிகர். ஆனால் நாம் சொல்லிச் சொல்லிச் சிரித்த வசனங்களில் பெரும்பங்கு சென்னையில் உட்கார்ந்து தமிழ் எழுதியவருக்கும் பேசியவருக்கும் உரியது. அந்த நகைச்சுவையைப் பற்றி அமெரிக்கக் கலைஞரிடம் கேட்டால் அவர் விழிப்பார். அவரிடம் உருவங்களைப் பற்றியும், சண்டைக் காட்சிகளின் அமைப்பைப் பற்றியும் கேளுங்கள். வசனத்துக்காக நன்றி சொல்ல விரும்பினால், சென்னை ஒலிமாற்றக் கலைஞர்களைத் தேடிச் செல்வதே முறை. அவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் திரையில் வருவதில்லை என்பதால் அந்தத் தேடலுக்குப் பொறுமை வேண்டும்.

பெயர்ப் பட்டியலில் உள்ள பணிகளைப் பற்றி ஓரளவு தெரிந்துகொள்வது அவசியம். ஸ்டோரிபோர்டு ஓவியர் எழுத்தில் இருக்கும் கதையைக் காட்சி காட்சியாகப் படத்தில் பிரித்துத் தருபவர். லேஅவுட் ஓவியர் ஒவ்வொரு காட்சியிலும் பாத்திரம் எங்கே நிற்கிறது, கேமரா எங்கிருந்து பார்க்கிறது என்பதைத் தீர்மானிப்பவர். அனிமேட்டர் அசைவின் முக்கியமான நிலைகளை வரைகிறார். அவற்றுக்கு இடைப்பட்ட படங்களை உதவியாளர்கள் நிரப்புகிறார்கள். பின்னணி ஓவியர் வீட்டையும் காட்டையும் வானத்தையும் தீட்டுகிறார். என் அனுபவத்தில் மிக நல்ல உரையாடல்கள் ஸ்டோரிபோர்டு ஓவியர்களிடமும் பின்னணி ஓவியர்களிடமுமே கிடைத்திருக்கின்றன. அவர்களைத் தேடி யாரும் வருவதில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

எந்த விழாவுக்குச் செல்வது?

சான் டியேகோ காமிக்-கான் 1970 முதல் நடக்கிறது. ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கும் அந்த விழாவுக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். நுழைவு அட்டையை வாயிலில் வாங்க முடியாது. பல மாதங்களுக்கு முன்பே அவர்களுடைய தளத்தில் உறுப்பினராகப் பதிந்து, விற்பனை நாளன்று இணையக் காத்திருப்பு அறையில் உட்கார வேண்டும். அந்த அறையில் முன்னால் வந்தவருக்கு முன்னுரிமை கிடையாது. குலுக்கல் முறையில்தான் இடம் கிடைக்கும். ஆகவே வீட்டில் உள்ள எல்லாரும் தனித்தனியே பதிந்துகொள்வது நல்லது.

உள்ளே சென்றவர்களில் பெரும்பாலோர் புதிய திரைப்படங்களின் முன்னோட்டத்துக்காக எச் கூடம் என்ற பெரிய அரங்கின் வாசலில் இரவெல்லாம் படுத்துக் கிடப்பார்கள். உங்களுக்கு அந்த வரிசை வேண்டாம். மாடியில் இருக்கும் சிறிய அறைகளின் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். கார்ஃபீல்டு என்ற பூனையின் கார்ட்டூன்களுக்குக் கதை எழுதிய மார்க் எவனியர் பல ஆண்டுகளாகக் கார்ட்டூன் குரல்கள் என்ற தலைப்பில் அங்கே நிகழ்ச்சி நடத்தி வருகிறார். குரல் கலைஞர்கள் ஐந்தாறு பேர் மேடையில் வரிசையாக அமர்ந்து, எல்லாருக்கும் தெரிந்த ஒரு குழந்தைக் கதையை அவரவர் கார்ட்டூன் குரலில் வாசிப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டால் ஒரு கூட்டம், திறந்தால் வேறொரு கூட்டம். ஓவியர்களை மேடையேற்றி, பார்வையாளர்கள் சொல்வதை அந்தக் கணத்திலேயே வரையச் செய்யும் இன்னொரு நிகழ்ச்சியையும் அவரே நடத்துகிறார். அங்கே ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அறையைக் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள். எனவே முந்தைய நிகழ்ச்சிக்கே சென்று அமர்ந்துவிட்டால் இடம் உறுதி. பேச்சாளர்களிடம் பேச விரும்பினால் மேடையை நோக்கி ஓடாதீர்கள். அடுத்தவர்கள் ஏற வேண்டியிருப்பதால் அவர்களை உடனே வெளித் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்றுவிடுவார்கள். தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றால் நிதானமாகவே பேசலாம்.

முதன்முறையாகச் செல்பவருக்குச் சான் டியேகோவை நான் பரிந்துரைப்பதில்லை. அதே அமைப்பினர் வசந்த காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸுக்கு அருகிலுள்ள அனஹைமில் நடத்தும் வொண்டர்கான் மாநாட்டில் கூட்டம் குறைவு, டிக்கெட்டும் எளிதாகக் கிடைக்கும், வருகிற மூத்த கலைஞர்களில் பலர் லாஸ் ஏஞ்சலிஸ் சுற்றுவட்டாரத்திலேயே வசிப்பவர்கள் என்பதால் களைப்பின்றிப் பேசுவார்கள். பாசடீனாவில் 2019-இல் தொடங்கிய லைட்பாக்ஸ் எக்ஸ்போ ஓவியர்களுக்காகவே நடப்பது. அங்கே நடிகர்கள் யாரும் இல்லை என்பதே அதன் சிறப்பு.

கனடாவின் ஒட்டாவா அனிமேஷன் விழா 1976 முதல் நடக்கிறது, செப்டம்பரில் வரும். அதில் கலைஞர்களும் பார்வையாளர்களும் சேர்ந்து ஒரு பூங்காவில் உணவருந்தும் நாள் ஒன்று உண்டு. பூசணிக்காயைக் குடைந்து உருவம் செதுக்கும் போட்டியும் அன்று நடக்கும். கையில் கத்தியும் மடியில் பூசணியுமாக உட்கார்ந்திருக்கும் இயக்குநரிடம் பேச்சுக் கொடுக்க எந்த முன் அனுமதியும் தேவையில்லை. பிரான்சின் அன்சி நகரில் 1960-இல் தொடங்கிய விழா இவற்றில் மூத்தது, மிகப் பெரியது. ஜூன் மாதத்தில் நடக்கும். படம் தொடங்குமுன் அரங்கமே காகித விமானம் விடுவதும், திரையில் முயல் தோன்றினால் எல்லாரும் முயல் என்று பிரெஞ்சில் கத்துவதும் அங்கத்திய வழக்கம். ஆனால் அது தொழில்முறையினர் கூடும் சந்தையும்கூட என்பதால், பழைய கார்ட்டூன்களின் மேல் உள்ள அன்பினால் மட்டும் செல்பவர் சற்றுத் தனித்து நிற்க வேண்டியிருக்கும்.

மேசைக்கு முன்னால் நிற்கும்போது

மாநாடுகளில் இரண்டு வகையான இடங்கள் உண்டு. ஒன்று கையெழுத்துப் பகுதி. குரல் கலைஞர்களும் பெயர்பெற்றவர்களும் அங்கே அமர்வார்கள். ஒரு கையெழுத்துக்குச் சில பத்து டாலர்கள் முதல், மிகவும் புகழ்பெற்றவர் என்றால் நூறைத் தாண்டியும் கட்டணம் இருக்கும். உடன் நின்று படம் எடுக்கத் தனிக் கட்டணம். பணத்தைக் கலைஞரிடம் நீட்டாதீர்கள். பக்கத்தில் இருக்கும் உதவியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். மற்றொன்று ஓவியர் வீதி எனப்படும் பகுதி. நீளமான மேசை வரிசைகளில் ஓவியர்கள் தங்கள் அச்சுப் படங்களையும் புத்தகங்களையும் விற்பார்கள். அங்கே பேச்சுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் பத்து நிமிடம் பேசிவிட்டு எதையும் வாங்காமல் நகர்வது அழகல்ல. சிறிய அச்சுப் படம் ஒன்றையாவது வாங்கிக்கொள்ளுங்கள். அட்டை ஏற்கும் கருவி இருந்தாலும் மாநாட்டுக் கூடத்தில் இணைய இணைப்பு அடிக்கடி திணறும் என்பதால், ஐந்து, பத்து, இருபது டாலர் நோட்டுகளாகக் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள்.

நம் பெயர்களைப் பொறுத்து ஒரு சிறிய ஏற்பாடு அவசியம். கையெழுத்தோடு உங்கள் பெயரையும் எழுதித் தரச் சொல்வீர்கள். யாழினி, தமிழ்ச்செல்வன் போன்ற பெயர்களை வாயால் எழுத்துக்கூட்டிச் சொன்னால் அந்த இரைச்சலில் அவை வேறு எதுவாகவோ மாறிவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பெயரை எழுதிய ஒட்டுத்தாள் ஒன்றை, கையெழுத்து வேண்டிய இடத்துக்கு அருகில் ஒட்டிக்கொண்டு செல்லுங்கள். பலருக்காக வாங்குவதாக இருந்தால் ஒவ்வொரு படத்திலும் தனித்தனியே ஒட்டுங்கள். உதவியாளர்களே இதைச் செய்வதுண்டு. அவர்கள் எழுதும் எழுத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எண்பது வயதுப் பெரியவரைப் பெயர் சொல்லி அழைப்பதற்கு நமக்கு நா எழாது. மிஸ்டர் என்று குடும்பப் பெயரோடு சேர்த்துத் தொடங்குங்கள். பெயர் சொல்லியே கூப்பிடு என்று அவர் சொன்னால் அப்படியே கூப்பிடுங்கள்; அதன் பிறகும் சார் போடுவது அவரைச் சங்கடப்படுத்தும். காலைத் தொட்டு வணங்கும் பழக்கம் உள்ளவர்கள் அங்கே அதைச் செய்ய வேண்டாம். பலருக்கு மூட்டு வலியும் நோய்த்தொற்று அச்சமும் உண்டு என்பதால், அவர்கள் கை நீட்டினால் மட்டும் குலுக்குங்கள்.

இனி, என்ன கேட்பது என்பது. இதற்குத்தான் அதிகம் தயாராக வேண்டும். உங்களுக்குப் பிடித்த பாத்திரம் எது, எப்படி இந்தத் துறைக்கு வந்தீர்கள் என்ற இரண்டு கேள்விகளையும் அவர்களிடம் அன்று காலையிலிருந்தே எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பதிலும் மனப்பாடமாக வரும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து, அதன் சட்டகம் ஒன்றைத் தாளில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். இது நீங்கள் வரைந்ததா, இதில் உங்கள் பங்கு என்ன என்று கேளுங்கள். ஒரு பின்னணி ஓவியரிடம் அப்படிக் காட்டிய ஒரு காட்டுக் காட்சியை அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மிக அருகில் வைத்துப் பார்த்தார். பிறகு இடப்புற மரங்கள் தாம் தீட்டியவை, வலப்புறம் இருப்பவை வேறொரு படத்துக்காகத் தீட்டி மிச்சமானவை, நேரம் இல்லாததால் இரண்டையும் ஒட்டிவைத்தோம் என்று விரல் வைத்துக் காட்டினார். இரண்டு பச்சைகளும் ஒன்றல்ல என்பது அவர் சொன்ன பிறகே எங்கள் கண்ணுக்குப் பட்டது. பொதுவான கேள்விக்கு இத்தகைய பதில் ஒருநாளும் வராது.

கைவசம் இரண்டு மூன்று கேள்விகள் இருக்கட்டும். அந்த அத்தியாயத்துக்கு எத்தனை வாரம் கொடுத்தார்கள்? பக்கத்து மேசையில் யார் இருந்தார்கள்? எது வெட்டப்பட்டது? இவை பெரும்பாலும் பலன் தரும். இரண்டாவது கேள்வி குறிப்பாக நல்லது. தம்மைப் பற்றிப் பேசத் தயங்குபவர்கள்கூட மறைந்த சக ஊழியரைப் பற்றிப் பேசுவார்கள். உங்கள் நோட்டுப் புத்தகத்துக்கு ஒரு புதிய பெயரும் கிடைக்கும். மாறாக, ஊதியத் தகராறு, உரிமைத்தொகை, இப்போது வரும் மறு ஆக்கங்களைப் பற்றிய கருத்து ஆகியவற்றை அவராகத் தொடங்கினால் அன்றி நீங்கள் கிளறாதீர்கள். உங்கள் பிள்ளையின் ஓவியங்களைக் காட்டிக் கருத்துக் கேட்பதும் வரிசை காலியாக இருக்கும்போது மட்டுமே பொருந்தும்.

கேட்கத் தகுந்தவருக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு ஃப்ளாய்ட் நார்மன். 1935-இல் பிறந்த அவர் 1956-இல் டிஸ்னியில் சேர்ந்தார். அங்கே பணியமர்த்தப்பட்ட முதல் கறுப்பின அனிமேட்டர் என்று அறியப்படுபவர். 1967-இல் வெளிவந்த ஜங்கிள் புக் படத்தின் கதைக்குழுவில் இருந்தவர். பின்னர், ஸ்கூபி-டூவைத் தயாரித்த ஹேனா-பார்பரா நிறுவனத்திலும் வேலை பார்த்தவர். 65 வயதில் டிஸ்னி அவரை வேலையிலிருந்து அனுப்பிய பிறகும், காலியாக இருந்த ஒரு மேசையில் தினமும் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார் என்ற கதை துறையில் பெயர்பெற்றது. முதுமையிலும் சான் டியேகோ மேடைகளில் ஆண்டுதோறும் பேசிவந்தார். அவரைப் போன்றவரிடம் ஜங்கிள் புக்கின் ஒரு காட்சியை நீட்டிவிட்டு, பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பதுதான் சரி.

எதில் கையெழுத்து வாங்குவது?

அச்சுப் படமும் புத்தகமும் எளிய தேர்வுகள். பளபளப்பான தாளில் மை காய நேரம் எடுக்கும் என்பதால் இரண்டு நிமிடம் விரித்தே வைத்திருந்து, பிறகு கெட்டி அட்டை வைத்த உறையில் போடுங்கள். கறுப்பு ஒன்று, வெள்ளி நிறம் ஒன்று என இரண்டு நிரந்தர மைப் பேனாக்களைக் கொண்டு செல்லுங்கள். கருநிறப் பின்னணியில் கறுப்பு மை தெரியாது. வெள்ளி நிறப் பேனாவைக் குலுக்கி, வேறொரு தாளில் மை இறங்குகிறதா என்று பார்த்த பிறகே கலைஞரின் கையில் கொடுங்கள்.

செல் எனப்படும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் வேறு வகை. கணினியில் வண்ணம் தீட்டும் முறை வருவதற்கு முன், ஒவ்வொரு படத்தையும் அத்தகைய தாளில்தான் உருவாக்கினார்கள். முன்புறம் கோடு இருக்கும். பின்புறம் வண்ணம் பூசியிருப்பார்கள். அடி ஓரத்தில் மேசை முளைகளில் மாட்டுவதற்கான துளைகளும், மூலையில் வரிசை எண்ணும் இருப்பது படப்பிடிப்பில் உண்மையாகவே பயன்பட்ட செல்லின் அடையாளங்கள். விற்பனைக்கென்றே பிற்காலத்தில் அச்சிட்ட செல்களும் ஏராளம். டாம் அண்ட் ஜெர்ரியைப் படைத்த வில்லியம் ஹேனாவும் ஜோசஃப் பார்பராவும் கையெழுத்திட்ட அத்தகைய படங்கள் பல சந்தையில் உண்டு. கையெழுத்து உண்மையாக இருந்தாலும் செல் படத்தில் வந்ததல்ல. விற்பவர் இரண்டையும் கலந்து பேசினால் விலகிவிடுங்கள். ருடால்ஃப் நிகழ்ச்சிக்காகச் செய்த ருடால்ஃப், சாண்டா பொம்மைகள் இரண்டும் 2020-இல் 3,68,000 டாலருக்கு ஏலம் போன பிறகு இந்தச் சந்தையில் போலிகளுக்கான ஆசையும் கூடியிருக்கிறது என்பது என் எண்ணம்.

அசல் செல் உங்களிடம் இருந்தால், அதன் மேலேயே கையெழுத்துக் கேட்காதீர்கள். சட்டத்துக்குள் வைக்கும் அட்டை ஓரத்தில் வாங்குவதே பாதுகாப்பு. பல கலைஞர்கள் செல்லைத் தொடவே மறுப்பார்கள், அது சரியும்தான். பின்புற வண்ணத்தில் விரல் படக் கூடாது. கோடை வெயிலில் நிறுத்திய காரில் அரை நாள் விட்டுவிட்டால் வண்ணம் உருகி அடியில் உள்ள தாளோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தெடுக்கும்போது பாத்திரத்தின் பாதி முகம் தாளோடு வந்துவிடும். சென்னைக்குக் கொண்டுவருவதாக இருந்தால் கைப்பெட்டியில் கொண்டுவாருங்கள், வீட்டில் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். புளித்த காடி போன்ற நெடி வந்தால் செல் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மற்றச் செல்களிடமிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

மறைந்தவர்களைத் தேடிச் செல்லும்போது

பட்டியலில் உள்ள பலர் இன்று இல்லை. ஸ்கூபி-டூவைப் படைத்த ஜோ ரூபி, கென் ஸ்பியர்ஸ் இருவரும் 2020-இல் சில மாத இடைவெளியில் மறைந்தார்கள். அந்த நாயின் உருவத்தை வரைந்த இவாவோ டகமோட்டோ 2007-லேயே மறைந்துவிட்டார். ஃப்ரெட் என்ற பாத்திரத்துக்கு 1969-இல் குரல் கொடுக்கத் தொடங்கிய ஃப்ராங்க் வெல்க்கர், 2002 முதல் ஸ்கூபியின் குரலாகவும் இருக்கிறார் என்பது ஓர் ஆறுதல்.

சார்லி பிரவுன் அன்பர்களுக்குக் கலிஃபோர்னியாவின் சாண்டா ரோசா நகரில் ஷுல்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. 2002-இல் திறக்கப்பட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து காரில் சென்றால் காலையில் கிளம்பி மாலையில் திரும்பலாம். 3,588 பீங்கான் ஓடுகளில் ஷுல்ஸின் சித்திரத் தொடர்களை அச்சிட்டு, அவற்றையே புள்ளிகளாக வைத்து, லூசி என்ற சிறுமி பந்தைப் பிடித்திருக்க சார்லி ஓடிவரும் காட்சியை ஒரு சுவர் முழுவதும் அமைத்திருக்கிறார்கள். 1951-இல் கொலராடோவில் குடியிருந்தபோது தம் வீட்டுச் சுவரில் ஷுல்ஸ் வரைந்த படங்கள், பின்னர் குடியேறியவர்கள் பூசிய வண்ண அடுக்குகளுக்குள் மறைந்துபோயிருந்தன. அவற்றைச் சுரண்டி மீட்டு, அந்தச் சுவரையே பெயர்த்து இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமைகளில் வேறொரு கார்ட்டூன் ஓவியரை அழைத்துப் பார்வையாளர்களோடு பேசவைக்கும் வழக்கமும் அங்கே உண்டு என்பதால், பயணத்தை அந்த நாளுக்குப் பொருத்திக்கொண்டால் மறைந்தவரின் மேசையையும் உயிரோடிருப்பவரின் கையையும் ஒரே நாளில் பார்க்கலாம். தெருவுக்கு எதிரே ஷுல்ஸ் 1969-இல் திறந்த பனிச்சறுக்கு அரங்கமும், அவர் அன்றாடம் காலை உணவருந்திய சிற்றுண்டிக் கடையும் இன்னும் நடக்கின்றன.

வீட்டிலிருந்தபடியே கேட்கக்கூடியவையும் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சி அகாடமியின் அறக்கட்டளை பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்துவரும் நீண்ட நேர்காணல்களில் ஜோசஃப் பார்பராவும், பல நூறு கார்ட்டூன்களுக்குக் குரல் கொடுத்த ஜூன் ஃபோரேயும் மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். கட்டணம் இல்லை. ஒரு கலைஞரைச் சந்திக்கச் செல்லுமுன், அவருடைய சக ஊழியரின் நேர்காணலையாவது கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.

மாநாடுகளுக்கு வராதவர்களுக்கு

வயது, உடல்நலம், கூட்டத்தில் நாட்டமின்மை ஆகியவற்றால் வெளியே வராதவர்கள் உண்டு. அவர்களுக்குக் கடிதம் எழுதலாம். ஆனால் வீட்டு முகவரியைத் தேடிப் பிடித்து எழுதக் கூடாது, நேரில் கதவைத் தட்டவே கூடாது. அவர்களுடைய சொந்தத் தளம், அவர்களுடைய ஓவியங்களை விற்கும் கலைக்கூடம், அவர்கள் உரையாற்றிய அருங்காட்சியகம் ஆகியவற்றின் வழியாகவே அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருக்கட்டும். எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்தக் காட்சியைப் பார்த்தீர்கள், அதில் எது நினைவில் நிற்கிறது என்று எழுதி, ஒரே ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ தம் படத்தைப் பார்த்தார்கள் என்ற செய்தியே அவர்களில் பலருக்குப் புதிதாக இருக்கும். கையெழுத்திடச் சொல்லிப் பொருள் எதையும் முதல் கடிதத்தோடு அனுப்பாதீர்கள். திருப்பி அனுப்பும் செலவும் அலைச்சலும் அவர் தலையில் விழும்.

சந்திப்பு முடிந்த அன்றிரவே கேட்டதையெல்லாம் தேதியோடு எழுதிவையுங்கள். ஒலிப்பதிவு செய்ய விரும்பினால் தொடங்குமுன்பே அனுமதி கேட்க வேண்டும்; மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. எடுத்த படங்களில் நல்லதாக ஒன்றை, சுருக்கமான நன்றியோடு அவருக்கு அனுப்புங்கள். பெயர்ப் பட்டியலில் தம் பெயர் வராத ஒரு காட்சியைத் தாமே வரைந்ததாக அவர் சொல்லியிருந்தால், அதைப் பொதுவெளியில் எழுதுமுன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஒப்பந்தமோ பழைய நட்போ அவரைத் தயங்கச் செய்யலாம். சம்மதித்தால், அத்தியாயத்தின் பெயரையும் காட்சி வரும் நிமிடத்தையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.